கெரட்டோகோனஸ் கண்ணுக்கு எந்த லென்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும் நோய், இருப்பது 19 வயதில் தெரிந்தது. இப்போது 34. வலது கண்ணில் ரோஸ் கே லென்ஸும் இடது கண்ணில் ஸ்க்ளீரல் லென்ஸும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கெரட்டோகோனஸ் என்ற பெயரைப் புதிதாகக் கேள்விப்பட்டு மிரண்டு போயிருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் ஃபோனில் என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் கண்ணுக்கான முடிவை உங்கள் கருவிழி டாக்டரும் லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்டும்தான் எடுக்க வேண்டும். அவர்கள் முன்னால் உட்காரும்போது என்ன கேட்கலாம் என்று தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். அதற்குத்தான் இது.

ஆறு மாதத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றுகிறோம். அப்படியும் ஏன் தெளிவாகத் தெரியவில்லை?

கருவிழி என்பது கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம். நடுவில் அதன் தடிமன் சாதாரணமாக 540 மைக்ரான் அளவில் இருக்கும், அதாவது அரை மில்லிமீட்டர்தான். கெரட்டோகோனஸ் வந்தால் அது ஓரிடத்தில் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே. கண்ணாடியால் கிட்டப்பார்வை, தூரப்பார்வையையும் சிலிண்டர் பவர் எனப்படும் ஒழுங்கான கோணலையும்தான் சரிசெய்ய முடியும். கூம்பு விழுந்த கருவிழியிலோ ஒவ்வொரு இடமும் ஒளியை ஒவ்வொரு பக்கம் வளைக்கிறது. அதற்கு எந்தக் கண்ணாடி நம்பரும் கிடையாது.

அப்போதெல்லாம் எனக்கு ‘பக்கம்’ என்று எழுதியிருந்தால் ‘க்’ மேல் இருக்கும் புள்ளி மூன்றாகப் பிரியும். அதில் ஒன்று சரிந்து அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். புள்ளி வைத்த எழுத்து எது, வைக்காத எழுத்து எது என்று கண்ணால் பிரிக்க முடியாமல், சொல்லை ஊகித்துத்தான் வாசிப்பேன். தெருவிளக்குகளுக்கெல்லாம் வால் முளைத்திருக்கும். இதை நான் போய்க்கொண்டிருந்த கண்ணாடிக் கடையில் மூன்று வருடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சிலிண்டரை ஏற்றிப் புதுக் கண்ணாடி கொடுத்தார்களே தவிர, கருவிழியின் மேடுபள்ளத்தைப் படமாகக் காட்டும் டோப்போகிராஃபி பரிசோதனையை எடுத்துப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. பதின்வயதுப் பிள்ளைக்கு சிலிண்டர் பவரும் அதன் கோணமான ஆக்சஸும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்றால், அடுத்த கண்ணாடிக்கு முன்னால் கருவிழி டோப்போகிராஃபி எடுங்கள். வலிக்காது. கருவியில் தாடையை வைத்துச் சில நொடிகள் அசையாமல் பார்த்தால் போதும்.

லென்ஸ் போட்டால் நோய் நின்றுவிடுமா?

நிற்காது. யாராவது லென்ஸ் கூம்பை அழுத்தி உள்ளே தள்ளிவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். லென்ஸ் பார்வையைத் தரும், நோயைத் தொடாது.

நோயை நிறுத்துவதற்கு சி3ஆர் என்று இங்கே சொல்லப்படும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை இருக்கிறது. ரைபோஃப்ளேவின் சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவைத்து, அதன் மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். கருவிழியின் கொல்லாஜன் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான முறை இது, முதல் சிகிச்சை முடிவுகள் 2003-ல் வெளிவந்தன. வழக்கமான முறைக்குக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்வார்கள். ‘கொஞ்சம் முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாத சிகிச்சை இது. நோய் வளர்கிறதா என்று சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு டோப்போகிராஃபிகளை ஒப்பிட்டுச் சொல்வார்கள். அதனால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப்போட்டு விடாதீர்கள்.

சி3ஆர் முடிந்தவர்களுக்கும் லென்ஸ் தேவைப்படலாம். சிகிச்சை இருக்கும் இடத்தில் நிறுத்துகிறது, கூம்பை அழிப்பதில்லை. கண் ஆறி அளவு நிலைப்பட்ட பிறகு, டாக்டர் சொல்லும் நேரத்தில் லென்ஸுக்கு அளவெடுக்கலாம்.

சாஃப்ட் லென்ஸ் போதாதா? அதுதானே சுகம்?

தொடக்க நிலையில் போதலாம். ஆனால் சாதாரண சாஃப்ட் லென்ஸ் ஈரத்துணி மாதிரி கருவிழி மேல் படிந்துவிடும். அடியில் மேடு இருந்தால் லென்ஸும் மேடாகும், கோணல் அப்படியே மேலே வந்துவிடும். இந்த நோய்க்கென்றே நடுவில் தடிமனாகச் செய்யப்படும் சாஃப்ட் லென்ஸ்கள் உண்டு. லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு அவை கைகொடுக்கும். தடிமன் கூடினால் கண்ணுக்குப் போகும் ஆக்சிஜன் குறையும் என்பதால் எத்தனை மணி நேரம் போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் ‘செமி சாஃப்ட்’ என்கிறார்களே, அது என்ன?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மென்மையான லென்ஸ் இல்லை. ஆர்ஜிபி என்று டாக்டர்கள் எழுதும், ஆக்சிஜன் ஊடுருவும் கடின லென்ஸைத்தான் நம் ஊர்க் கடைகளில் செமி சாஃப்ட் என்கிறார்கள். விரல் நுனியில் வைத்தால் வெங்காயச் சருகு மாதிரி இலேசாக இருக்கும், ஆனால் மடங்காது. கருவிழியின் விட்டம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். லென்ஸ் அதைவிடச் சின்னது, 9 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்.

அது எப்படிப் பார்வை தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாம் புரியும். மேடும் பள்ளமுமான தெருவில் மழைத் தண்ணீர் தேங்கினால் மேலே மட்டமாகத் தெரிகிறதல்லவா? அதே போல, வளையாத லென்ஸுக்கும் கோணலான கருவிழிக்கும் நடுவில் கண்ணீர் போய் நிரம்புகிறது. ஒளிக்கு இப்போது லென்ஸின் வழவழப்பான முன்பக்கம்தான் கருவிழி. கண்ணாடியில் இரண்டு வரி வாசித்தவர் ஆர்ஜிபி போட்டதும் கடைசி வரி வரை வாசிப்பது இதனால்தான்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் இமை ஒவ்வொரு முறை மூடும்போதும் லென்ஸின் விளிம்பு உரசும். கண்ணில் நீர் கொட்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். இது பழகிவிடும். ஆனால் வலியும் சிவப்பும் நாளுக்கு நாள் கூடினால், அதைப் பழக்கம் என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது அளவு சரியில்லாத லென்ஸ். கூம்பின் உச்சியில் லென்ஸ் அழுந்தி உட்கார்ந்தால் அங்கே தழும்பு விழும். அது பார்வையின் நடுவில் விழுகிற தழும்பு.

ரோஸ் கே என்பது வேறு வகையா?

அதுவும் ஆர்ஜிபிதான். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரைச் சேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பால் ரோஸ் கூம்புக் கருவிழிக்காகவே வடிவமைத்தது. நடுவில் செங்குத்தாகவும் விளிம்பை நோக்கிப் படிப்படியாகத் தட்டையாகவும் போகும் பல வளைவுகள் கொண்டது. சாதாரண ஆர்ஜிபி நிற்காமல் வழுக்கும் கண்ணில் இது நிற்கும். என் வலது கண்ணில் பத்து வருடமாக இந்த வகைதான்.

ஸ்க்ளீரல் லென்ஸ் பெரிதாக இருக்கிறதே, அதை எப்படிக் கண்ணுக்குள் வைப்பது?

பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். விட்டம் 15 முதல் 18 மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். ஆனால் போட்டுக்கொண்டவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஆர்ஜிபியைவிட உறுத்தல் குறைவு. இந்த லென்ஸ் கருவிழியைத் தொடுவதே இல்லை. உணர்ச்சி குறைந்த வெள்ளை விழியின் மேல் உட்கார்ந்துகொண்டு, கருவிழிக்கு மேலே ஒரு பந்தல் மாதிரி நிற்கும். இடையில் சலைன் எனப்படும் உப்பு நீர் தேங்கியிருக்கும். கூம்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும் அந்த நீர்ப்படலம் மூடிவிடும். கண் வறட்சி உள்ளவர்களுக்கும் இதனால் நிவாரணம்.

இது புதுச் சரக்கு இல்லை. 1888-லேயே பாரிசில் யூஜீன் கால்ட் என்ற டாக்டர் கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்குக் கண்ணாடியால் செய்த கூடுகளைப் பொருத்திப் பார்த்தார். கண்ணாடி வழியாக ஆக்சிஜன் போகாது என்பதால் நெடுநேரம் போட முடியவில்லை. 1980-களில் ஆக்சிஜன் ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அதே வடிவம் திரும்பி வந்தது.

போடுவது இப்படி. மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, முகம் தரைக்கு இணையாக இருக்கும்படி குனிந்துகொள்ள வேண்டும். சின்ன ரப்பர் கிண்ணியில் லென்ஸை மல்லாக்க வைத்து, சலைனை விளிம்பு தாண்டித் தளும்பும் வரை ஊற்ற வேண்டும். மேல் இமையையும் கீழ் இமையையும் விரலால் அகலப் பிரித்து, லென்ஸை நேராக மேலே கொண்டுவர வேண்டும். சில்லென்று தண்ணீர் கண்ணில் படும். அப்போது பின்வாங்கக் கூடாது, எல்லோரும் தோற்பது அந்த இடத்தில்தான். உள்ளே காற்று சிக்கினால் பார்வையில் பிறை மாதிரி ஒரு குமிழி தெரியும். கழற்றி, மறுபடியும் நிரப்பிப் போட வேண்டியதுதான். எனக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் 50 நிமிடம் ஆனது. இப்போது ஒரு நிமிடம்கூட ஆகாது. கழற்றுவதற்கு உறிஞ்சும் ரப்பர் குச்சி தருவார்கள். அதை லென்ஸின் நடுவில் ஒட்டி இழுக்கக் கூடாது, விளிம்பருகே ஒட்டி மெல்ல நெம்ப வேண்டும். லென்ஸ் கண்ணில் இருக்கிறதா, கழற்றியாயிற்றா என்று பாராமல் வெறும் கண்ணில் அந்தக் குச்சியை வைத்துவிடாதீர்கள்.

ப்ரோஸ் என்று கேள்விப்பட்டிருந்தால், அது அமெரிக்காவில் பாஸ்டனில் உருவான, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் கணினியில் வடிவமைக்கும் ஸ்க்ளீரல் முறை. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும் செய்கிறார்கள்.

மத்தியானம் ஆனால் ஸ்க்ளீரலில் புகை மாதிரி மங்குகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. லென்ஸுக்கு அடியில் தேங்கிய நீரில் கண்ணீரின் கொழுப்பும் கசடும் சேர்வதால் வருகிறது. கழற்றி, சலைனை மாற்றிப் போட்டால் தெளியும். தினமும் இரண்டு முறை இப்படிச் செய்ய வேண்டி வந்தால் பொருத்தியவரிடம் சொல்லுங்கள். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருக்கலாம், விளிம்பு தளர்ந்திருக்கலாம். கண் அலர்ஜிக்கும் இதில் பங்கு உண்டு.

பிக்கிபேக், ஹைப்ரிட் என்றெல்லாம் சொல்கிறார்களே?

பிக்கிபேக் என்றால் அடியில் ஒரு சாஃப்ட் லென்ஸ், அதன் மேல் ஆர்ஜிபி. உறுத்தல் தாங்காதவர்களுக்கு ஒரு மெத்தை. இரண்டு லென்ஸ், இரண்டு பராமரிப்பு என்பதால் பலர் சலித்துப்போவார்கள். ஹைப்ரிட் என்பது நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமாக ஒரே லென்ஸ். ஆர்ஜிபியைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியில் எனக்கு எது பொருந்தும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கே ரீடிங் (கருவிழியின் வளைவு அளவு), கூம்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், தழும்பு உண்டா, கண் வறட்சி உண்டா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள். இவைதான் கேள்விகள். சாதாரணக் கருவிழியின் வளைவு 43, 44 டயாப்டர் அளவில் இருக்கும். அது 48-ஐத் தாண்டாத கண்ணும் 60-ஐத் தொட்ட கண்ணும் ஒரே லென்ஸைக் கேட்காது. நடுவில் இருக்கும் சின்னக் கூம்புக்கு ஆர்ஜிபி நன்றாக உட்காரும். மிகவும் கீழே சரிந்த கூம்பில் அது வழுக்கி வழுக்கி விழும், அங்கே ஸ்க்ளீரல்தான் பேசும்.

என் வருத்தம் என்னவென்றால், பலர் லென்ஸின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், பொருத்துபவரைப் பற்றிக் கேட்பதில்லை. நல்ல ஆர்ஜிபியைக் கவனமாகப் பொருத்தும் ஒருவர், விலையுயர்ந்த ஸ்க்ளீரலை அவசரமாகக் கொடுப்பவரைவிட உங்கள் கண்ணுக்கு நல்லவர். ‘மாதத்துக்கு எத்தனை கெரட்டோகோனஸ் கண்ணுக்கு லென்ஸ் பொருத்துகிறீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். அனுபவம் உள்ளவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பொருத்தும் நாளில் என்ன நடக்கும்?

அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே லென்ஸ் போடுபவராக இருந்தால் எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். லென்ஸ் அழுத்தியிருக்கும் கருவிழி பொய்யான அளவைக் காட்டும்.

முதலில் ட்ரையல் லென்ஸ் போடுவார்கள். ஆர்ஜிபி என்றால் அரை மணி நேரம் உட்காரவைத்து, கண்ணீர் அடங்கிய பிறகு மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். லென்ஸுக்கு அடியில் நீர் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் தொடும் இடம் கறுப்பாகத் தெரியும். கூம்பின் உச்சியில் லேசாகவும் ஓரத்தில் இரண்டு இடத்திலும் தொட்டு, பாரம் பகிர்ந்து நிற்க வேண்டும். உச்சியில் மட்டும் பெரிய கறுப்பு வட்டம் தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். முடிந்தால் திரையில் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள்.

ஸ்க்ளீரல் மெதுவாக அமிழும். காலையில் 300 மைக்ரான் இருக்கும் இடைவெளி மாலைக்குள் ஏறத்தாழ 100 மைக்ரான் குறைந்து 200 அளவுக்கு வந்துவிடும். அதனால் போட்ட உடனே ‘சரியாக இருக்கிறது’ என்று அனுப்பிவைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில மணி நேரம் போட்டுக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி காட்டுங்கள். விளிம்பு எங்கேயாவது இரத்தக் குழாயை அழுத்தி வெளுக்கவைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரே முறையில் அளவு அமைவது அபூர்வம். எனக்கு இடது கண்ணுக்கு மூன்றாவது லென்ஸ்தான் அமைந்தது.

எவ்வளவு செலவாகும்?

ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஏறு வரிசையைச் சொல்லலாம்: சாதாரண ஆர்ஜிபி, ரோஸ் கே, ஸ்க்ளீரல், ப்ரோஸ். விலையைவிட முக்கியமான கேள்வி, அந்த விலையில் என்னென்ன அடக்கம் என்பது. அளவு சரியில்லை என்றால் எத்தனை முறை மாற்றித் தருவார்கள், எத்தனை நாளுக்குள், அடுத்தடுத்த பரிசோதனைக்குத் தனியாகக் கட்டணம் உண்டா, லென்ஸ் உடைந்தால் பழைய அளவிலேயே வரவழைக்க முடியுமா? இதையெல்லாம் எழுதி வாங்குங்கள். லென்ஸின் அளவுச் சீட்டு உங்கள் சொத்து. கேட்டு வாங்கி, ஃபோனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரில் அலசினால் என்ன? கொதித்து ஆறிய தண்ணீர்?

இரண்டும் வேண்டாம். கேன் தண்ணீரும் வேண்டாம், வாயில் வைத்து நனைப்பது அதைவிட மோசம். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி லென்ஸோடு கருவிழிக்குப் போனால், மாதக்கணக்கில் இரவும் பகலும் மருந்து விட்டும் பார்வை போகலாம். கெரட்டோகோனஸ் கண்ணுக்கு ஏற்கெனவே இருக்கும் பாடு போதும். லென்ஸ் போட்டுக்கொண்டு குளிப்பதும் நீந்துவதும் கூடாது. கையை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே லென்ஸைத் தொடுங்கள்.

ஸ்க்ளீரலை நிரப்ப, பதப்படுத்தும் மருந்து கலக்காத சலைன்தான் வேண்டும், அந்த நீர் நாள் முழுக்கக் கருவிழியின் மேல் இருக்கப்போகிறது. ஒருமுறை திறந்து அன்றே தூக்கிப்போடும் சின்னக் குப்பிகள் நல்லவை. மருந்துக் கடையில் டிரிப்ஸ் பாட்டிலை வாங்கி ஊசி குத்தி ஒரு வாரம் வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்த சலைனில் கிருமி வளர்வது கண்ணுக்குத் தெரியாது. டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மேல் இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்புவதும் தவறு, முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

வாஷ் பேசினில் லென்ஸ் கழுவும்போது ஓட்டையை அடைத்துவிடுங்கள், அல்லது ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் போகும்போது லென்ஸுக்குள் தூசி போய் உயிர் போகிறது. என்ன செய்ய?

ஆர்ஜிபிக்கு அடியில் ஒரு மணல் துகள் போனால் ஊசி குத்திய மாதிரி இருக்கும், கண்ணைத் திறக்கவே முடியாது. ஓடும் வண்டியில் இது ஆபத்து. முழு முகத்தை மூடும் ஹெல்மெட், கண்ணாடித் திரையை இறக்கிவிட்டு ஓட்டுவது, அடியில் பவர் இல்லாத கண்ணாடி, இவை உதவும். தினமும் வண்டியில் அலைகிற வேலை என்றால் பொருத்துபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்க்ளீரலுக்கு அடியில் தூசி சுலபமாகப் போகாது. நான் இடது கண்ணில் ஸ்க்ளீரலுக்கு மாறியதில் இதுவும் ஒரு காரணம்.

என் மகனுக்கு 14 வயது. சதா கண்ணைக் கசக்குகிறான். லென்ஸ் போடலாமா?

அம்மா, லென்ஸுக்கு முன்னால் அந்தக் கசக்கலை நிறுத்தியாக வேண்டும். கண்ணைக் கசக்குவதும் கெரட்டோகோனஸும் கூடப் பிறந்தவை மாதிரி. விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் மெலிந்த கருவிழி இன்னும் நைந்துபோகிறது. ‘கசக்காதே’ என்று அதட்டினால் அடங்காது, அவனுக்கு அரிக்கிறது. அலர்ஜிக்கு டாக்டரிடம் சொட்டு மருந்து வாங்குங்கள். மூடிய கண் மேல் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிவிடாதீர்கள். அரிப்பு மாயமாக நிற்கும், ஆனால் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம்.

அரிப்பு அடங்கிய பிறகு, 14 வயதுப் பிள்ளைகள் தாராளமாக லென்ஸ் போடக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த வயதில் நோய் வேகமாக வளரும் என்பதால் சி3ஆர் பற்றி உடனே பேசுங்கள்.

லேசிக் செய்துகொண்டால் லென்ஸே வேண்டாமே?

கூடாது. லேசிக் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை. மெலிந்த கருவிழியை இன்னும் மெலியச் செய்தால் கூம்பு வேகமாகத் தள்ளும்.

எப்போது லென்ஸைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

திடீரென்று ஒரு கண் மங்கி, வலியோடு கருவிழியில் வெள்ளையாகத் தெரிந்தால். உட்படலம் கிழிந்து கருவிழிக்குள் நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ராப்ஸாக இருக்கலாம். லென்ஸைக் கழற்றியும் வலி போகவில்லை, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, சீழ் வடிகிறது என்றால் அது தொற்றாக இருக்கலாம், காலை வரை காத்திருக்க வேண்டாம். போகும்போது லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், அதிலிருந்து கிருமியைச் சோதிக்க முடியும்.

லென்ஸ் போட்டுக்கொண்டு தூங்குவது இப்படிப்பட்ட தொற்றுக்குக் கதவைத் திறந்துவைப்பது. பஸ்ஸில் கண் அசருவீர்கள் என்று தெரிந்தால் ஏறும் முன்னாலேயே கழற்றிவிடுங்கள்.

எனக்கு வந்திருக்கிறது. தம்பி தங்கைக்கும் பார்க்க வேண்டுமா?

பாருங்கள். எல்லாக் குடும்பத்திலும் வராது, ஆனால் சில குடும்பங்களில் வருகிறது. பார்வை நன்றாக இருந்தாலும் ஒரு டோப்போகிராஃபி எடுத்துவிடுங்கள். என் தம்பிக்குக் கரும்பலகை நன்றாகவே தெரிந்தது, அதனால் அவன் வர மறுத்தான். அப்பா இழுத்துக்கொண்டு போனார். தொடக்க நிலையில் இருந்தது, 16 வயதில் இரண்டு கண்ணுக்கும் சி3ஆர் செய்தார்கள். இன்றைக்கு அவன் போட்டிருப்பது சாதாரணக் கண்ணாடி.